நேற்றுக் கட்டிய சுவர்

அந்தத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஒரு சுவருக்கு வேண்டிய செங்கல்தான் இருந்தது. ஆகவே கட்டுமானப் பிரிவு மாணவர்கள் அந்த ஒரு சுவரையே தினமும் கட்டினார்கள்.

காலையில் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். இரண்டு பக்கமும் ஆணி அடித்து நூல் கட்டுவார்கள். கலவையில் சிமெண்ட் கிடையாது. மணலும் சுண்ணாம்பும் தண்ணீரும்தான். வரி மேல் வரியாகக் கல்லை வைத்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, மட்டம் வைத்துப் பார்த்து, வெயில் சாயும் நேரத்தில் மார்பு உயரத்துக்கு ஒரு சுவர் எழுந்து நிற்கும். வாத்தியார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் ஓரத்தைப் பார்ப்பார். மதிப்பெண் போடுவார். பிறகு மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைப் பியூன் ஒரு கம்பியால் அடிப்பார். அந்த ஓசை அடங்குவதற்குள் சுவரின் மேல் வரி கீழே இறங்கியிருக்கும்.

பிரிப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒருவர் கல்லை மெல்ல அசைத்து எடுத்துக் கொடுக்க, இன்னொருவர் அதில் ஒட்டிய கலவையைக் கரண்டியின் விளிம்பால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து அடுக்குவார். சுரண்டியது தொட்டிக்குத் திரும்பும். மறுநாள் தண்ணீர் தெளித்துக் கிளறினால் அதுவே மறுபடி கலவை. எல்லோரும் கிளம்பும்போது வெறும் தரை மட்டும் இருக்கும். ஓரத்தில் செங்கற்கள், குளித்துவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் குழந்தைகளைப் போல வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

பல வருடங்களாக இப்படிக் கட்டியும் பிரித்தும் அந்தக் கற்களின் முனைகள் தேய்ந்து உருண்டுவிட்டன. மாணவர்களுக்கு அவற்றில் பலவற்றின் முகம் தெரியும். புருவத்தை நெரித்ததுபோல் விரிசல் விட்டது 'கோபக்காரன்'. ஒரு பக்கம் கருகியது 'சமையல்காரர்'. எல்லாவற்றிலும் செல்லமானது பூனைக்கல். சூளைக்குப் போகும் முன் ஈரமாகக் கிடந்தபோது ஏதோ ஒரு பூனை அதன் மேல் கால் வைத்துக் கடந்து போயிருக்கிறது. நான்கு விரலும் உள்ளங்காலுமாக அந்தச் சுவடு அப்படியே இருந்தது. பூனைக்கல் யார் கைக்கு வருகிறதோ அவருக்கு அன்று நல்ல மதிப்பெண் விழும் என்பது வகுப்பின் நம்பிக்கை.

சில்லுவுக்கு அந்தக் கல்லின் மேல் தனிப் பிரியம். கல்லைச் சுரண்டும்போது தெறிக்கும் சில்லு எங்கே நின்றாலும் தேடிவந்து அவள் மேல்தான் விழும். அதனால் அவளுக்கு அந்தப் பெயர். வீட்டில் கூட இப்போது அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"இன்னைக்கு என்ன கட்டினே?" என்று அப்பா கேட்பார். அவர் பஸ் டிப்போவில் டயர் மாட்டுகிறவர். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் விரல் நகங்களில் கறுப்பு போகாது.

"சுவர்."

"நேத்து?"

"சுவர்."

"எல்லாம் எங்க நிக்குது?"

"பிரிச்சாச்சுப்பா."

"அக்கா கட்டின வீட்ல எல்லாம் காத்துதான் குடியிருக்கு. வாடகையும் குடுக்குறதில்ல" என்பான் தம்பி. சில்லு அவன் தலையில் குட்டுவாள். தினமும் நடக்கும் இந்தப் பேச்சுக்குத் தினமும் எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு, "ஒரு நாளாச்சும் நீ கட்டினதை எனக்குக் காட்டுடி. நின்னுக்கிட்டு இருக்குறதா பாத்துக் காட்டு" என்பாள்.

அம்மா ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போட்டாள். காலையில் மலையாகக் கிடக்கும் சட்டைகள் மாலைக்குள் காகிதம்போல மடிந்து அலமாரிக்குப் போகும். அடுத்த வாரம் அதே சட்டைகள் கசங்கி மூட்டையாகத் திரும்பி வரும். எந்தச் சட்டையின் காலர் எப்படி முரண்டு பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நின்றுகொண்டே இருக்கும் ஒரு பொருளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒருவேளை அங்கிருந்து வந்திருக்கலாம்.

*

வாத்தியாருக்கு நெடுநாளாக ஓர் உறுத்தல் இருந்தது. கையில் வேலை தெரிந்த பிள்ளைகளைத்தான் அவர் வெளியே அனுப்பினார். ஆனால் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அவர்கள் கொஞ்ச நாளுக்குத் திருதிருவென்று விழித்தார்கள். இங்கே பார்க்காத ஏதோ ஒன்று அங்கே இருந்தது. அது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை.

அதனால் ஒரு கட்டுமான நிறுவனத்தின் படிகளை அவர் ஏறி இறங்கினார். வாரத்தில் பாதி நாள் பள்ளி, பாதி நாள் உங்கள் கட்டடம் என்று பிள்ளைகளை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். முதலாளி பிடி கொடுக்கவில்லை. அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த எஞ்சினியரம்மாதான் பரிந்து பேசினார். "ஒரு மாசம் பாப்போமே சார். முதல்ல ரெண்டு பேர். சரியா வந்தா மத்தவங்களும் வரட்டும். வரலன்னா அதோட விட்டுடலாம்."

அந்த இருவர் சில்லுவும் நெட்டையும். நெட்டை என்பவன் வகுப்பிலேயே உயரமானவன். கதவுகளுக்கெல்லாம் பணிந்து போய்ப் பழகியதால் குணமும் பணிவாகிவிட்டது என்று சொல்வார்கள்.

"உங்க ரெண்டு பேர் பின்னாடி வகுப்பே வரிசையில நிக்குது. அது ஞாபகம் இருக்கட்டும்" என்றார் வாத்தியார்.

"இப்படிச் சொன்னா வயித்தக் கலக்குது சார்" என்றான் நெட்டை.

"நல்லது. அங்க கலக்குறதுக்குத்தான் ஆள் தேடுறாங்களாம்."

கட்டடம் ஒரு சிறிய மருத்துவமனை. கூரை போட்டாயிற்று, உள்ளே அறைகள் பிரிந்துகொண்டிருந்தன. அங்கே மேஸ்திரி இரண்டு காதுகளிலும் ஒவ்வொரு பென்சில் செருகியிருந்தார். ஒன்று அவருக்கு, இன்னொன்று இரவல் கேட்பவர்களுக்கு. இருவரையும் அவர் ஏற இறங்கப் பார்த்தார். நெட்டைக்காக ஏறவும் சில்லுவுக்காக இறங்கவும் வேண்டியிருந்தது.

"கல்லு வெச்சிருக்கீங்களா ரெண்டு பேரும்?"

"தினமும் வெக்கிறோம் மேஸ்திரி."

"அப்ப வாங்க."

நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கும் மருந்து கொடுக்கும் அறைக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். மார்பு உயரம் போதும், அதற்கு மேல் கண்ணாடி வரும் என்றார் மேஸ்திரி. சில்லுவும் நெட்டையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவர்களுடைய சுவர்தான் அது. கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம்.

ஆனால் முதல் கல்லைக் கையில் எடுத்ததும் சில்லு வியந்து போனாள்.

"நெட்டை, இங்க பாரு. இதுக்கெல்லாம் முனை இருக்கு!"

இருந்தது. சூளையிலிருந்து வந்த புதுக் கல். விளிம்பு விரலைக் கீறியது. ஒன்றோடு ஒன்று உரசும்போது கணீரென்று சத்தம் வந்தது. கலவையும் வேறு. சாம்பல் நிறம், வேறு வாசனை. ஆனால் கரண்டி அதே கரண்டி, நூல் அதே நூல். மத்தியானத்துக்குப் பிறகு கை தன் போக்கில் ஓட ஆரம்பித்தது. தரையோரமாக முளைத்த சிவப்பு வரி, அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று சுவர் வளர்ந்தது. சாயங்காலம் கடைசிக் கல்லை வைத்தபோது மேஸ்திரி வந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைப் பார்த்தார். வாத்தியார் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

"பரவால்லையே. நூல் பிடிச்சாப்ல நிக்குது" என்றார். அதற்குள் வாசலில் மணல் லாரி வந்து ஹாரன் அடிக்கவே, அவசரமாக வெளியே போனார்.

சில்லு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் வாசல் காவலாளி வேலை முடிந்ததற்கு மணி அடித்தார். அங்கேயும் மணி என்பது கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டுதான். அதே கணகணப்பு.

 சில்லுவின் கை மேல் வரியின் முதல் கல்லுக்குப் போனது. நெட்டையின் கை அதை வாங்கியது. அவன் சுரண்டினான், துடைத்தான், அடுக்கினான். அவள் இரண்டாவதை நீட்டினாள். வழக்கமாகப் பள்ளியில் அந்த நேரத்தில் பாடும் பாட்டை நெட்டை முனகத் தொடங்கினான். கீழ் வரிகளுக்கு வந்தபோதுதான் கொஞ்சம் சிரமப்பட்டார்கள்.

"இந்தக் கலவை என்ன இப்படிக் கவ்விக்குது?" என்றான்.

"புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும். நல்லாத் தட்டு."

மேஸ்திரி திரும்பி வந்தபோது தவறி வேறு அறைக்குள் நுழைந்துவிட்டதாக நினைத்தார். வெளியே போய் வாசலைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வந்தார்.

"சுவர் எங்க?"

"முடிச்சாச்சு மேஸ்திரி." சில்லு பெருமையோடு செங்கல் அடுக்கைக் காட்டினாள். "ஒண்ணுகூட உடையல."

தான் சொன்னது தன் காதில் விழுந்த பிறகுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது.  நெட்டையின் கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது.

மேஸ்திரி அந்த அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கோணலாக் கட்டினவனப் பாத்திருக்கேன்" என்றார் மெதுவாக. "ஜன்னலை மறந்து கட்டினவனப் பாத்திருக்கேன். வெளிய வர வழி விடாம, தானும் உள்ளயே நின்னுக்கிட்டுக் கட்டினவன் ஒருத்தன் இருந்தான், அவனையும் பாத்திருக்கேன். கட்டி, பிரிச்சு, குளிப்பாட்டி அடுக்கி வெச்சவங்கள இப்பத்தான் பாக்குறேன்."

எஞ்சினியரம்மா வந்து பார்த்தபோது அவருடைய பெரிய ஹெல்மெட் கண் வரை இறங்கியிருந்தது. அதை அவர் ஏற்றிவிடக்கூட இல்லை.

"காலையில கண்ணாடிக்காரர் அளவெடுக்க வர்றாரு. எதை அளப்பாரு? சொல்லுங்க, எதை அளப்பாரு? முதலாளிகிட்ட எவ்ளோ பேசி உங்கள வர வெச்சேன் தெரியுமா?" மூச்சு வாங்கிக்கொண்டார். "ரெண்டு பேரும் நாளைக்கு இங்க வர வேண்டாம். உங்க சாரை நானே வந்து பாத்துக்கிறேன்."

*

பஸ்ஸில் நெடுநேரம் இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"எல்லாருக்கும் போச்சு" என்றாள் சில்லு. "நம்மளால."

"முதல் கல்லை எடுத்தது நீதானே."

"நீ ஏன் வாங்கினே?"

"நீ குடுத்தே, வாங்கினேன். சேர்ந்ததுலருந்து அதானே பண்றேன்" என்றான் நெட்டை. பாவம், அழுதுவிடுவான்போல இருந்தது. சில்லு அவன் முழங்கையை ஒரு இடி இடித்தாள். அதற்கு மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம்.

வீட்டில் அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அப்பாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. தம்பி தரையில் படுத்து உருண்டான். "குளிப்பாட்டி அடுக்கி வெச்சியா? பவுடர் போட்டியா அக்கா?" அம்மா கூட வாயைப் பொத்திக்கொண்டாள். சில்லு சிரிக்கவில்லை என்பதை அவர்கள் கவனிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"ஏய், சும்மா இரு" என்று அப்பா தம்பியை அதட்டினார். பிறகு அவள் பக்கம் வந்து உட்கார்ந்தார். "நான் ஒரு தடவை ரிப்பேருக்கு வந்த பஸ்ஸ விட்டுட்டு, ரூட்டுக்குக் கிளம்பி நின்ன பஸ்ல டயரக் கழட்டிட்டேன். உள்ள ஜனங்க உக்காந்திருக்காங்க. டிரைவர் ஸ்டார்ட் பண்ணிட்டாரு."

"நெஜமாவா?"

"கண்டக்டர் இறங்கி வந்து, 'அண்ணே, எங்க மேல உங்களுக்கு என்ன கோவம்'னு கேட்டாரு."

சில்லு சிரித்தாள், சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. "எனக்கு மட்டும்னா பரவால்லப்பா. அடுத்து வர வேண்டியவங்க எல்லாம் புது பூட்ஸ் வாங்கி வெச்சிருக்காங்க."

 அம்மா சில்லுவின் வேலைச் சட்டையை வாங்கிக்கொண்டு போய்த் துவைத்துப் போட்டாள். காலையில் அது விறைப்பாக, ஒரு மடிப்புக்கூட விலகாமல், நாற்காலியின் முதுகில் தொங்கியது. வேலையிடத்துக்குப் போகப் போவதில்லை என்று தெரிந்தும் அம்மா அதை இஸ்திரி போட்டிருந்தாள்.

*

மறுநாள் பள்ளியில் யாரும் சில்லுவையும் நெட்டையையும் திட்டவில்லை. பூட்ஸ் பற்றி யாரும் பேசவும் இல்லை. வழக்கம்போல் நூல் கட்டினார்கள். வழக்கம்போல் சுவர் வளர்ந்தது. பூனைக்கல் சில்லுவின் கைக்கு வந்தபோது அவள் அதைப் பக்கத்தில் இருந்தவனிடம் தள்ளிவிட்டாள்.

எஞ்சினியரம்மா சாயங்காலம் வந்தார். வாத்தியார் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார், அவர் உட்காரவில்லை.

"சார், நான் சுத்தி வளைச்சுப் பேசல. முதலாளி வேண்டாங்கிறாரு. எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. கையில வேலை இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா கட்டினதைப் பிரிச்சுப் போடுற ஆளுங்கள வெச்சுக்கிட்டு..."

அப்போது பியூன் தண்டவாளத்தை அடித்தார்.

எஞ்சினியரம்மா பேச்சை நிறுத்தினார். முற்றத்தில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் சுவரிடம் போனார்கள். யாரும் ஆணையிடவில்லை. கற்கள் கைமாறின. கரண்டிகள் சுரண்டும் ஓசை மழைபோலப் பரவியது. யாரோ பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள். சற்று முன் மார்பு உயரம் நின்ற ஒன்று இடுப்புக்கு வந்து, முழங்காலுக்கு வந்து, இல்லாமல் போயிற்று. சில்லுவும் அவர்களோடு சேர்ந்து துடைத்துக்கொண்டிருந்தாள். எஞ்சினியரம்மாவை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அவருடைய காலணிகள் மட்டும் தெரிந்தன. அவை நெருங்கி வந்து அடுக்கின் முன்னால் நின்றன.

அவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். உருண்டுபோன முனையைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது எத்தனை நாளா இங்க இருக்கு சார்?"

"நான் இங்க மாணவனாச் சேந்தப்பவே இருந்த கல்லு மேடம். அப்ப முனை இருந்துச்சு."

எஞ்சினியரம்மா கல்லைத் திரும்ப வைத்தார். வைக்கும்போது, மற்றவர்கள் வைப்பதுபோலவே, சத்தம் வராமல் வைத்தார்.

"நீ இங்க வா" என்று சில்லுவைக் கூப்பிட்டார். "நீ கட்டின சுவரு மறுநாள் எப்படி இருக்கும்னு பாத்திருக்கியா?"

"இல்ல மேடம்."

"ஒண்ணு கூடவா?"

"எல்லாம் அன்னன்னைக்கே போயிடும் மேடம்."

வாத்தியார் அங்கே நின்றபடி மெல்லத் தலையில் கை வைத்துக்கொண்டார். நெடுநாளாகப் பிடிபடாத ஒன்று இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு பெரிதாக, செங்கல் அடுக்காகவே உட்கார்ந்திருந்தது. "கட்டச் சொல்லிக் குடுத்தேன்" என்றார் தனக்குத்தானே. "விட்டுட்டுப் போகச் சொல்லிக் குடுக்கல."

"எங்க மேலயும் தப்பு இருக்கு சார். கட்டின சுவரைப் பிரிக்காதீங்கன்னு நாங்க யாருக்கும் சொன்னதில்ல" என்றார் எஞ்சினியரம்மா. அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "சொல்ல வேண்டி வரும்னு நினைக்கல."

பிறகு அவர் தீர்மானமாகப் பேசினார். முதலாளியைத் தான் சமாளிப்பதாகவும், ஆனால் இது கடைசி வாய்ப்பு என்றும் சொன்னார். கண்ணாடிக்காரர் இன்னொரு நாள் தள்ளி வர ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்குள் சுவர் நிற்க வேண்டும். நின்றுகொண்டே இருக்க வேண்டும். மணி அடித்ததும் இருவரும் கரண்டியை மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். "கையை நம்பாதீங்க. காலை நம்புங்க. நேரா வாசலுக்கு நடங்க."

தங்கள் இடத்தில் மிஞ்சும் கல்லும் சிமெண்டும் இனிப் பள்ளிக்கு வரும் என்றும், இங்கேயும் ஒரு சுவர் பிரிக்காமல் நிற்கட்டும் என்றும் சொன்னார். வாத்தியார் தயங்கினார்.

"நின்னா, அடுத்த குரூப் எங்க மேடம் கட்டும்? இடம் இவ்ளோதான்."

"ஒரு வாரமாச்சும் நிக்கட்டும் சார்."

"ஒரு வாரம்..." வாத்தியார் முற்றத்தை அளப்பதுபோல் பார்த்தார். "சரி. ஒரு வாரம்."

சில்லு கிளம்பும்போது வாத்தியார் அவளைத் தனியாக அழைத்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். கனத்தைக் கை அறிந்தது. பிரிக்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சார், இது போயிட்டா இங்க..."

"போகட்டும்மா. எவ்ளோ நாள்தான் ஏறி ஏறி இறங்கும்? மேஸ்திரி ஒத்துக்கிட்டா எங்கயாவது ஒரு ஓரமா வெச்சுடு."

*

மேஸ்திரி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"என்னது இது, தேஞ்ச சோப்பு மாதிரி?"

நெட்டை விளக்கினான். கோபக்காரனில் ஆரம்பித்து, சமையல்காரர் வழியாக, பூனைக்கல்லுக்கு வருவதற்குள் மேஸ்திரிக்குக் கொட்டாவி வந்துவிட்டது. ஆனாலும் அவர் அந்தச் சுவட்டின் மேல் தன் நான்கு விரல்களையும் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை.

"மேல வேண்டாம், மேல கண்ணாடிச் சட்டம் உக்காரணும். அடி வரியில வை" என்றார். "பூனைன்னா தரையிலதானே நடக்கும்."

அடி வரியில், சுவர் தொடங்கும் மூலையில், சில்லு அதை வைத்தாள். முனை இல்லாததால் சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாகக் கலவை வேண்டியிருந்தது. பக்கத்துக் கற்களின் கூர்மைக்கு நடுவே அது, வயதானவர் ஒருவர் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததுபோல், சௌகரியமாக உட்கார்ந்தது. பிறகு அதன் மேல் அடுத்த வரி வந்தது.

அன்று சில்லு மெதுவாகக் கட்டினாள். நேற்றுவரை ஒரு கல் லேசாகப் பிசகினால், போகட்டும், நாளைக்குச் சரிசெய்யலாம் என்று கை தானாகவே முன்னேறிவிடும். இன்று ஒவ்வொரு கல்லும், நான் இங்கேயே இருக்கப் போகிறேன், நன்றாகப் பார்த்துக்கொள் என்று சொல்வது போலிருந்தது. நெட்டைகூடப் பாடவில்லை.

சாயங்காலம் கடைசிக் கல். மேஸ்திரியின் மூடிய கண். பிறகு மணி.

சில்லுவின் கை எழுந்தது. எழுந்ததை அவளே பார்த்தாள். அது அவளுடைய கையாகவே இல்லை. அது முழு வகுப்பின் கை. நெட்டை சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய மற்றொரு கை தானும் வாங்கிக்கொள்ள நீண்டிருந்தது. அதை அவள் பிடித்துக்கொண்டாள். இருவரும் நாட்டியம் ஆடப் போகிறவர்கள்போல அப்படியே நின்றார்கள்.

"கரண்டி" என்று மேஸ்திரி கையை நீட்டினார்.

கொடுத்தார்கள்.

"நட."

நடந்தார்கள். வாசலைத் தாண்டும்போது இருவரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். "திரும்பாத, நட!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. தெருவுக்கு வந்த பிறகும் பிடித்த கைகளை விடவில்லை. விட்டால் அவை ஓடிப்போய்விடும்போல இருந்தது.

*

காலையில் சில்லு வழக்கத்தைவிட முன்னதாகக் கிளம்பினாள். அம்மா ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள்.

"எங்கம்மா?"

"உன்கூடத்தான். கடை திறக்க இன்னும் நேரம் இருக்கு."

"உள்ள விடுவாங்களான்னு தெரியாதும்மா."

"விடலன்னா வாசல்லருந்து பாக்குறேன். வா."

மேஸ்திரி அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்தார், சில்லுவைப் பார்த்தார். ஒரு ஹெல்மெட்டை எடுத்துத் தூசி தட்டி அம்மாவிடம் நீட்டினார். "இதை மாட்டிக்கிட்டு வாங்கம்மா. கால் பாத்து வைங்க, கம்பி கிடக்கும்."

அறையின் வாசலில் சில்லு நின்றுவிட்டாள். கண்ணை மூடித் திறந்தாள்.

சுவர் நின்றது.

யாரும் இல்லாத இரவு முழுவதும் அது தனியாக நின்றிருக்கிறது. நேற்று ஈரத்தில் கறுத்துத் தெரிந்த கலவைச் சந்துகள் இப்போது வெளுத்திருந்தன. செங்கல்லின் சிவப்பும் வேறு மாதிரி, தூங்கி எழுந்த முகம்போல் இருந்தது. ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் அதன் மேல் சாய்வாக விழுந்திருந்தது. சுவருக்குப் பின்னால் ஒரு நிழல் இருந்தது. தான் கட்டியவற்றுக்குக் காலை நிழல் உண்டு என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

அருகில் போனதும் ஒன்று கண்ணில் பட்டது. மேலிருந்து மூன்றாவது வரியில் ஒரு சந்து மற்றவற்றைவிடத் தடித்திருந்தது.

"மேஸ்திரி, இங்க ஒண்ணு சரியா வரல."

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "ஆமா."

"என்ன பண்றது?"

"என்ன பண்றது? அது அங்கதான் இருக்கும். பூசினா யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் காதிலிருந்த இரவல் பென்சிலை எடுத்து அவளிடம் கொடுத்தார். கண்ணாடிக்காரர் வந்ததும் அளவைக் குறிக்க வேண்டுமாம். பிறகு மணல் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

சில்லு மண்டியிட்டு மூலையைக் காட்டினாள். "இதுதாம்மா பூனைக்கல்." சுவடு உள்பக்கம் போயிருந்தது, வெளியே தெரிந்தது தேய்ந்த ஒரு விளிம்பு மட்டும்தான். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தொட்டாள். பெரிய ஹெல்மெட் ஒரு பக்கமாகச் சரிந்தது.

பிறகு அம்மா எழுந்து, உள்ளங்கையைச் சுவரின் மேல் வைத்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் மெல்லத் தடவிக்கொண்டே போனாள். மேசையில் விரித்த சட்டையின் முதுகைத் தடவிப் பார்ப்பதுபோல் தடவினாள். தடித்த சந்தின் மேல் அவள் விரல் ஒரு கணம் தயங்கி, கடந்து போனது.

"இது நேத்துக் கட்டினதா?"

"நேத்துக் கட்டினதும்மா."

அம்மா இன்னொரு முறை தடவிப் பார்த்தாள்.

"கசங்கவே இல்லடி" என்றாள்.